ஒரு வில்லை, இரண்டு ஆள்

1943-ஆம் வருஷம், ஜூலை மாதம் பதினான்காம் தேதி, புதன்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். முகாமில் தலை எண்பத்து மூன்று. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எண்ணியபோதும் எண்பத்து மூன்றுதான். இடையில் ஒருவன் செத்தான், நீ பிறந்தாய். "கணக்கு இடிக்கலியே" என்று தலை எண்ணிப் புத்தகத்தில் எழுதுகிற முகாம் ரைட்டர் நேற்று சொல்லிவிட்டுச் சிரித்தான். அவனை நான் அடிக்கவில்லை. நேற்றுப் பகலிலேயே வேறொருவனை அடித்துவிட்டு வந்திருந்தேன், கை வீங்கியிருந்தது.

நீ பிறந்து இரண்டு நாள்தான் ஆகிறது. இந்தக் கடிதத்தைத் தன் தகரப் பெட்டியில் வைத்திருந்து, நீ முதன்முதலாக ஒருவனிடம் வேலைக்குச் சேரப் போகிற அன்று கொடுக்கும்படி உன் அம்மா தனத்திடம் சொல்லியிருக்கிறேன். அன்று உனக்கு என் வயசு இருக்கலாம், இருபத்தாறு. அதனால் பெரியவன் சின்னவனுக்குச் சொல்கிற தோரணை எனக்கு வராது. எதிரே உட்கார்ந்திருக்கிற ஒருவனிடம் பேசுவதுபோல எழுதுகிறேன். உறை ஒட்டப்போவதில்லை, யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். நீ வளர்வதற்குள் யாராவது ஒருவர் உன்னிடம் வந்து, "நீ பொறந்ததாலதான் சவரிமுத்து செத்தான்" என்று சொல்வார். பொய். அவனைப் போகச் சொன்னது நான். ஏன் சொன்னேன், எப்படிச் சொன்னேன் என்பதை என்னிடமே கேட்டுக்கொள்.

ரங்கூனில் நான் ஒரு அரிசி ஆலையில் எஞ்சின் பார்க்கிற பிட்டர். தொழிற்பள்ளியில் மூன்று வருஷம் படித்துத் தேறியவன், அந்தத் திமிர் எனக்கு உண்டு. சவரிமுத்து அதே ஆலையில் மூட்டை தூக்கியவன். அவன் தாத்தா வரதராசன்பேட்டைப் பக்கம், என் தாத்தா பெரம்பலூர்ப் பக்கம். அவர்கள் கப்பலேறியதோடு இந்தப் பக்கம் எங்களுக்கென்று ஒரு குடிசைகூட மிச்சமில்லை. ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு நானும் தனமும் சவரிமுத்துவும், அவன் பெண்டாட்டி ஆரோக்கியமும், அவர்களுடைய இரண்டு பெண்பிள்ளைகளும் ஆக ஆறு பேர் மலை வழியாக நடந்தோம் என்று எழுதினால் கணக்கு தப்பு. ஏழாவது ஆள் உனக்கு முன்னால் வழியில் பிறந்து அரை நாள் இருந்தவள். அவள் பிறந்தபோது நான் பக்கத்தில் இல்லை. ஒரு ஊற்றங்கரையில் தண்ணீருக்காக அடித்துக்கொண்டிருந்தேன். என் முன்னால் நின்றவன் தகரக் குவளையை விடவில்லை. கையில் இருந்த மூங்கிலால் அவன் பின்னந்தலையில் போட்டேன். அவன் முகம் தண்ணீருக்குள் போனது. குவளையைப் பிடுங்கி மொண்டுகொண்டு வந்துவிட்டேன். அவன் எழுந்தானா என்று திரும்பிப் பார்க்கவில்லை. இதை இதுவரை தனத்திடம்கூடச் சொன்னதில்லை. அதற்குப் பிறகு காய்ச்சலில் நடக்க முடியாமல் போன உன் அம்மாவை இரண்டு நாள் முதுகில் சுமந்தவன் சவரிமுத்து. "முக்கா மூட்டைதான் பிட்டரே. மில்லுல இந்தக் கனத்துக்குக் கூலியே தரமாட்டானுங்க" என்றான். அவனுக்கு மூச்சு வாங்கியது, ஆனாலும் பேசுவான். வாய் ஓயாத மனுஷன்.

போன வருஷம் இந்த முகாமில் கொண்டுவந்து விட்டார்கள். பெரம்பலூருக்கு வெளியே, அரியலூர் ரோட்டை ஒட்டி, கீற்றுக் கொட்டகை வரிசை. குடும்பத்துக்கு ஒரு தடுப்பு, தலைக்கு இவ்வளவு அரிசி. சர்க்கார் கொடுத்த கூரை, குறை சொல்லமாட்டேன், மழை ஒழுகவில்லை. சட்டம் இரண்டு. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தலை எண்ணுவார்கள், தொடர்ந்து இரண்டு நாள் இல்லாதவன் பெயரை அடித்துவிடுவார்கள். வேலையில் சேர்ந்தவன் குடும்பத்துக்கு அன்றோடு கொட்டகை கிடையாது, அரிசியும் கிடையாது. அடித்த பெயரை மறுபடி எழுதமாட்டார்கள். "வேலை கிடைத்தால் ஒழுங்காகப் போய் வாடகைக்கு இருந்துகொள்ள வேண்டியதுதானே" என்று நீ கேட்பாய். நானும் அப்படித்தான் கேட்டேன். அரியலூரில் வீடு கேட்டுப் போன இடத்தில், "பர்மாவுலேருந்து வாந்திபேதியக் கொண்டாந்திருப்பீங்க, போங்க போங்க" என்று கதவைச் சாத்தினார்கள். குரும்பலூரில் உன் அம்மாவின் சின்னம்மா இருக்கிறாள். வழியில் யார் கையால் வாங்கித் தின்றோமோ என்று சொல்லி, எங்களுக்குத் தண்ணீரைக்கூட வாசலில் வைத்து நகர்த்தினாள். கிடைத்த வேலையோ ஐப்பசி மழை வரைக்கும்தான். அதை நம்பிக் கூரையை விட்டால் மழைக்காலத்தில் ரோட்டில் நிற்க வேண்டும். கூரையை நம்பி வேலையை விட்டால் ஆயுசுக்கும் கைநீட்டி அரிசி வாங்க வேண்டும். எனக்குப் பொறுமை கிடையாது. இரண்டையும் வைத்துக்கொள்ள ஒரு வழி கண்டுபிடித்தேன்.

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற குழி ஒன்று இருக்கிறது, இங்கிருந்து ஏழு மைல் நடை. குழியில் ஊறும் தண்ணீரை இறைக்க ஆயில் எஞ்சினும் பம்பும் உண்டு, ஓட்டத்தான் ஆளில்லை. என்னை எடுத்துக்கொண்டார்கள். நம்பர் போட்ட பித்தளை வில்லை ஒன்று கொடுத்தார்கள். காலையில் அதை ஆணியில் மாட்டவேண்டும், போகும்போது எடுத்துக்கொள்ளவேண்டும். ஆறு மணிக்குத்தான் விடுவார்கள், ஆகவே வேலைக்குப் போனால் ஐந்து மணி எண்ணிக்கைக்கு இங்கே நிற்க முடியாது. முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மட்டும் போய் ஒரு மாதம் கவனித்தேன், வேறு ஆளில்லாததால் பொறுத்துக்கொண்டார்கள். அங்கே யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை, வில்லையையும் காக்கிச் சட்டையையும்தான் பார்க்கிறார்கள். அட்டவணை போட்டேன். ஒரு நாள் நான், மறுநாள் சவரிமுத்து. ஒரே வில்லை, என் ரங்கூன் சட்டை ஒன்றே, இரண்டு ஆள். போகாத நாளில் இங்கே வரிசையில் நின்றுவிடலாம். யாரும் தொடர்ந்து இரண்டு நாள் தப்புவதில்லை. அட்டவணை இரண்டு மாதம் ஒரு பிசகு இல்லாமல் ஓடியது. எனக்கு ரொம்பப் பெருமை. சவரிமுத்து சட்டையை மாட்டிக்கொண்டு, கைவிரல் தெரியாமல் தொங்குகிற சட்டைக்கையை ஆட்டியபடி, "இன்னைக்கு நான்தான் பிட்டரு. நீங்க போயி சவரியா நில்லுங்க. முதுகக் கொஞ்சம் வளைங்க, நம்புவானுங்க" என்பான்.

மூட்டை தூக்கியவனுக்கு எஞ்சின் ஓட்ட எப்படித் தெரியும்? நான்தான் சொல்லிக்கொடுத்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை, தரையில் கரிக்கோடு போட்டு. தப்பாகச் சொன்னால் பிடரியில் அடித்தேன். "பெல்ட்டு நனைஞ்சா வழுக்கும். வழுக்கினா குங்கிலியம் தேய்க்கணும். எஞ்சின நிறுத்திட்டுத்தான் தேய்க்கணும். சொல்லு." அவன் சொல்லுவான். இருபது தடவை சொன்னான். பிறகு குழியில் ஆளில்லாத ஒரு ஞாயிறு அவனைக் கூட்டிக்கொண்டு போய் ஓட்டிக் காட்டினேன். அங்கே பெல்ட் வழுக்கியது. எஞ்சினை நிறுத்தினால் மறுபடி ஊதுவிளக்கு வைத்து அதன் தலையைச் சூடாக்கவேண்டும், கால்மணி நேரம் நிற்கவேண்டும். நான் நிறுத்தவில்லை. குங்கிலியக் கட்டியை இரண்டு விரலில் பிடித்து, ஓடுகிற பெல்ட்டிலேயே வைத்துத் தேய்த்தேன். ரங்கூனில் ஆறு வருஷம் அப்படித்தான் செய்திருக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆனதில்லை. சவரிமுத்து பார்த்துக்கொண்டு நின்றான். நான் வாயால் இருபது தடவை சொன்னது அவனுக்குள் போகவில்லை, ஒரே தடவை செய்தது போய்விட்டது. நீ யாருக்காவது தொழில் சொல்லிக்கொடுக்கிற நாள் வந்தால் உன் வாயை நம்பாதே. அவன் உன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான்.

திங்கட்கிழமை என் முறை. சனிக்கிழமை அவன் போய்விட்டு வந்திருந்தான், ஞாயிறு குழி லீவு. ஞாயிறு சாயங்காலமே உன் அம்மாவுக்கு வலி கண்டது. ஆரோக்கியம்தான் பக்கத்தில் இருந்தாள், முகாமில் பிள்ளைப்பேறு பார்க்கத் தெரிந்தவள் அவள் ஒருத்தி. நான் இருந்து செய்ய ஒன்றுமில்லை. ஆனாலும் முன்பு ஒருதடவை இல்லாமல் போனவன் இந்தத் தடவையும் போக மாட்டேன் என்று பிடிவாதம். சவரிமுத்துவிடம் சட்டையை நீட்டினேன். "சனிக்கிழமையும் நான்தானே போனேன் பிட்டரே. இன்னைக்கும் போனா அந்தப் பெல்ட்டு என்னையக் கல்யாணம் கட்டிக்கும்" என்றான். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். "வாய மூடிக்கிட்டுப் போடா. நேரமாவுது" என்றேன். அவனிடம் நான் கடைசியாகச் சொன்ன வார்த்தை அதுதான்.

மத்தியானம் நீ பிறந்தாய். உன் சத்தம் கேட்டபோது நான் தட்டிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். நீ அழுது முடிப்பதற்குள் கல்வண்டி ஒன்று வந்து நின்றது. வண்டிக்காரன் இறங்கி என்னிடமே கேட்டான்.

"பிட்டரு வூடு எதுங்க?"

"என்ன விஷயம்?"

"பிட்டரு போயிட்டாருங்க. பெல்ட்டு இழுத்துருச்சு. வண்டியிலதான் கெடக்குறாரு. வூட்டுல யாராச்சும் ஆம்பளைங்க இருந்தா வந்து எறக்கச் சொல்லுங்க."

உள்ளே ஆரோக்கியத்துக்குக் கேட்டுவிட்டது. "ஐயோ தனம்! பெத்த புள்ள மொகத்தக்கூடப் பாக்காமப் போயிட்டாரேடி ஒம் புருஷன்!" என்று உன் அம்மாவைக் கட்டிக்கொண்டு கத்தினாள். நான் உடனே குரல் கொடுத்திருக்கவேண்டும். தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிடம் இருக்கும். அந்த ஒரு நிமிடம் ஆரோக்கியம் என் பெண்டாட்டிக்காக அழுதாள். பிறகு தட்டியை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் என் வெற்று மார்பைப் பார்த்தாள். சட்டை யார் உடம்பில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அழுகை நின்றுவிட்டது. உன் தொப்புள்கொடியைப் பாதி கட்டியிருந்தாள். மிச்சத்தையும் கட்டி, முடிச்சை இழுத்துப் பார்த்து, உன்னைத் துணியில் சுற்றி அம்மா பக்கத்தில் கிடத்தினாள். அவசரப்படவே இல்லை. அதற்குப் பிறகுதான் வெந்நீர் அடுப்பிலிருந்து எரிகிற விறகை உருவினாள். முதல் அடி புருவத்தில், அடுத்தது காதில். கையால் தடுக்கவில்லை. "ஒன் சாவுடா அது! ஒன் சாவ எடுத்து அவருக்கு மாட்டி அனுப்பிட்டியேடா!" மூன்றாவது அடியில் கீழே விழுந்தேன். என் இடது புருவத்தில் தழும்பு ஏது என்று நீ கேட்கும்போது, விழுந்துவிட்டேன் என்று நான் சொல்லாமல் இருக்கவேண்டும். அதற்காகத்தான் இதை எழுதிவைக்கிறேன்.

வண்டியிலிருந்து அவனை நான்தான் இறக்கினேன். வலது கை தோளோடு இல்லை. அதைத் தனியாக ஒரு சாக்கில் சுற்றி வைத்திருந்தார்கள். எஞ்சின் மேடையில் மோதி மோதி முகம் முகமாக இல்லை, பல்வரிசையை வைத்துத்தான் ஆரோக்கியம் அடையாளம் பார்த்தாள். சட்டைக்கை பெல்ட்டுக்குள் போயிருக்கிறது, மீதி ஆளும் அதன் பின்னாலேயே போயிருக்கிறான். சாக்கில் இருந்த கையின் விரல்களில் குங்கிலியம் ஒட்டியிருந்தது. என்ன நடந்தது என்று எனக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. ஆணியில் மாட்டியிருந்த வில்லையை யாரோ எடுத்து அவன் சட்டைப் பையில் போட்டு அனுப்பியிருந்தார்கள். எடுத்துக்கொண்டேன்.

நேற்றுக் காலை அடக்கம் முடிந்ததும் நேரே குழிக்குப் போனேன். செத்தவன் குடும்பத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு என்று ஆபீஸில் சொன்னேன். குமாஸ்தா நிதானமாகச் சொன்னான்: "எங்க ஆளு நீதான்யா. வில்லை ஒம் பேருல இருக்கு. நீ கல்லு மாதிரி நிக்கிற. செத்தவன் யாருன்னு எங்களுக்குத் தெரியாது." கிராம முன்சீப்பிடம் கொடுக்கச் சொல்லி ஒரு சீட்டும் எழுதி என் கையிலேயே தந்தான். இறந்தவர் எங்கள் வேலையாள் அல்ல, அனுமதியில்லாமல் எஞ்சின் கொட்டகைக்குள் நுழைந்தவர். கீழே முத்திரை. வெளியே வந்தால் மேஸ்திரி. "நின்னு என்ன வேடிக்கை? குழியில தண்ணி ஏறுது. பெல்ட்ட நல்லாக் கழுவி வச்சிருக்கேன், போயி எஞ்சின எடு" என்றான்.

பெல்ட்டைக் கழுவி வைத்திருக்கிறானாம். எஞ்சின் கொட்டகைக்குள் போனேன், பெரிய ஸ்பானரை எடுத்தேன், திரும்பி வந்து அவன் வாயில் போட்டேன். பல் தெறித்தது. விழுந்தவன் முழங்காலில் இன்னொன்று. எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. நாலு பேர் இழுத்திருக்காவிட்டால் நிறுத்தியிருக்கமாட்டேன். உன்னிடம் உண்மையைச் சொல்கிறேன், அடிக்கும்போது நன்றாக இருந்தது. ஊற்றங்கரையிலும் நன்றாகத்தான் இருந்தது. அது அடங்க ஒரு மைல் நடக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் புத்தி வந்தது. அந்த மேஸ்திரி எஞ்சினைத் தொட்டவனில்லை, சவரிமுத்துவுக்குக் குங்கிலியம் தேய்த்துக் காட்டியவனும் அவனில்லை. அந்த அடி எனக்கு விழவேண்டியது. என் கை என் பக்கம் வளையவில்லை, அதனால் அவன் மேல் போனது. உனக்கும் என் ரத்தம்தான் ஓடும். யாரையாவது அடிக்கவேண்டும் என்று கை துடிக்கும்போது, தப்பு எங்கே என்பதை முதலில் தேடு. பெரும்பாலும் அது உன் பக்கத்தில்தான் இருக்கும். அடிபடுகிறவன் வழியில் நின்றவனாக இருப்பான்.

இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு ரைட்டர் வந்து ஆரோக்கியத்தின் தடுப்புக்கு முன்னால் நின்றான். "ஒம் புருஷன் வேலையில இருந்தவன். வேலைக்காரன் குடும்பத்துக்கு முகாம் கெடையாது. அஞ்சு மணி எண்ணிக்க முடிஞ்சதும் காலி பண்ணிடணும்."

"வேலைக்காரன்னா அந்தக் குழிக்காரன் ஏன் எங்க ஆளே இல்லைங்குறான்?" என்று அவள் கேட்டாள்.

"அத அங்க போயிக் கேளு."

"அங்க கேட்டா இங்க கேளுங்குறானுவ. நான் எங்கதான்யா போறது, ரெண்டு பொட்டப்புள்ளைய வச்சிக்கிட்டு?"

ரைட்டர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனான். கொட்டகை முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது, ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் அவனவன் செய்கிற திருட்டு வேலை வெளியே வரும்.

எனக்கு ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. குழிக்காரன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதிய சீட்டு என் மடியில் இருக்கிறது. சவரிமுத்து வேலையாள் அல்ல என்று முத்திரை போட்டுச் சொல்கிறது. அதை மேஜையில் வைத்தால் ஆரோக்கியத்தைக் கிளப்ப முடியாது. ஆனால் வைத்த அடுத்த நொடி, அப்படியானால் வேலையாள் யார் என்று கேட்பார்கள். வில்லை என் பெயரில் இருக்கிறது. அவள் இருந்தால் நாம் வெளியே. நாம் இருந்தால் அவள் வெளியே. நேற்று அந்த ஸ்பானரைத் தொடாமல் இருந்திருந்தால் கையில் வேலையாவது இருந்திருக்கும். இப்போது அதுவும் இல்லை, போலீஸ் எப்போது வருமோ தெரியாது. ஒரு மணி நேரம் மூளையைக் கசக்கினேன், மூன்றாவது வழி அகப்படவில்லை. இந்தத் தடவை அட்டவணை போட்டுத் தப்பிக்கப் பார்க்கவும் எனக்கு மனசில்லை.

உன் அம்மாவிடம் சொன்னேன். உனக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். "பொறந்து ரெண்டு நாளுங்க. பச்ச ஒடம்புக்காரி நான். ரோட்டுலயா படுக்கணும்?" என்றாள். உன்னை மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "சொல்லப் போறதுன்னா சொல்லிடுங்க. என்னைக் கேக்காதீங்க. கேட்டா வேணாம்னுதான் சொல்லுவேன்." நான் கேட்கவில்லை. உன் அம்மா சம்மதித்தாள் என்று யாராவது பிற்காலத்தில் உன்னிடம் அவளை உயர்த்திச் சொன்னால் நம்பாதே. சம்மதிக்கவில்லை. தடுக்காமல் இருந்தாள், அவ்வளவுதான். அதற்கே நான் ஆயுசுக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

மூன்றரை ஆகிவிட்டது. செய்யப்போவதை எழுதிவைக்கிறேன். செய்தேனா என்று அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்.

1. ஐந்து மணிக்கு எல்லார் காதிலும் விழும்படி சொல்வேன்: "வேலையில் இருந்தது நான். சவரிமுத்து இல்லை. இதோ குழிக்காரன் எழுத்து." சீட்டையும் வில்லையையும் மேஜைமேல் வைப்பேன். ஆரோக்கியத்தின் பெயர் அடிக்கப்படவில்லை என்பதைப் புத்தகத்தில் என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் நகர்வேன்.

2. ரைட்டர் என்ன சொன்னாலும், சிரித்தாலும், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன்.

3. ஆரோக்கியத்திடம் மன்னிப்புக் கேட்கமாட்டேன். கேட்டால் அவள் ஏதாவது பதில் சொல்லவேண்டியிருக்கும். அந்தச் சுமை அவளுக்கு வேண்டாம்.

4. வெளிச்சம் இருக்கும்போதே வண்டி பிடித்து உன்னையும் அம்மாவையும் குரும்பலூரில் கொண்டுபோய் விடுவேன். சின்னம்மா கதவைச் சாத்தினால் வாசலிலேயே உட்காருவேன். ஊர் பார்க்கட்டும்.

5. நாளைக் காலையில் நானே போலீஸில் போய், மேஸ்திரியை அடித்தது நான், அவன்மேல் தப்பில்லை என்று எழுதிக்கொடுப்பேன். உள்ளே வைத்தால் இருந்துவிட்டு வருவேன்.

6. வந்ததும் வேலை தேடுவேன். பூலாம்பாடிப் பக்கம் கிணற்றுக்கு எஞ்சின் வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்களாம், அங்கிருந்து ஆரம்பிப்பேன். எந்த முதலாளியானாலும், என்ன படித்தேன் என்று சொல்வதற்கு முன்னால், வேலை தெரியாத ஒருவனை எஞ்சினில் நிறுத்திக் கொன்றவன் நான் என்று சொல்வேன். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு தனம் பக்கத்தில் நிற்கும்போதே சொல்வேன். அதைக் கேட்டபிறகும் எடுத்துக்கொள்கிறவனிடம்தான் சேர்வேன்.